துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்

நான் கல்யாணமாகிப் போன வீட்டைக் கொட்டாரம் சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி வீடு என்றுதான் சொல்வார்கள். வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு விசேஷம் கிடையாது. என் மாமனார் சமஸ்தானத்து உப்பு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார மேலதிகாரி ஒருவரிடம் லைசென்ஸோடு வாங்கிய கைத்துப்பாக்கி அது. நடுவில் ஆறு துளை உள்ள உருளை ஒன்று. ஒவ்வொரு துளைக்கும் ஒரு தோட்டா. மாமா அதை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, உப்பளத்தில் ஒரு பருந்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். பருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவுக்கு மூன்று நாள் இடது காது கேட்கவில்லை. இதை அவர் வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்.

ராஜா ஆட்சி முடிந்து திரு-கொச்சி ராஜ்யம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புரட்டாசி மாதத்தில் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எனக்கு. நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. பூஜை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்து சேர வேண்டும் என்று உத்தரவு. மற்றது மாமாவுக்கு, மலையாளத்தில். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதற்கு முந்தின சனிக்கிழமை நாகர்கோவில் தாலுகா கச்சேரிக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். பராமரிப்பில்லாத, வேலை செய்யாத துப்பாக்கிகள் பறிமுதல் செய்யப்படும்.

என் கடிதத்துக்கு மாமாவின் பதில் உடனே கிடைத்தது.

"துப்பாக்கி வீட்டு மருமவ பஸ்சுல போயி மாசச் சம்பளம் வாங்கப் போறாளா? வேண்டாம் மக்கா. கடிதாசியக் கிழிச்சுப் போடு."

நான் கிழிக்கவில்லை. மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பி.ஏ. படித்துவிட்டு அந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக நான் பார்த்த பெரிய வேலை, மாமாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது. என் வீட்டுக்காரர் தக்கலையில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை வருவார், வந்தாலும் அப்பா முன்னால் வாய் திறக்க மாட்டார். இந்த விஷயத்தில் அவருக்கு இவ்வளவுதான் இடம்.

மறுநாள் காலையில் மாமா மரப்பெட்டியைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுத்தார். தோட்டாக்கள் தனியாகச் சுண்ணாம்பு டப்பாவில் இருந்தன. வெள்ளை வேட்டித் துணியைப் பிரித்ததும் கூடம் முழுக்க ஒரு மணம் பரவியது. பழைய தேங்காயெண்ணெய், சீயக்காய், சாம்பிராணி. கோயில் பிரகாரத்தில் யாரோ தலை முழுகிவிட்டு வந்து நின்றது மாதிரி இருந்தது. மாமா விசையை இழுத்தார். அசையவில்லை. உருளையைச் சுற்றினார். அதுவும் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். விரலில்தான் சுளுக்கு விழுந்தது.

"வாரா வாரம் எண்ணெய் போடணும்னு சொன்னேனே, போட்டியா இல்லியாட்டி?" என்று என் மாமியாரான அத்தையைப் பார்த்துக் கத்தினார்.

"போட்டேனே" என்றாள் அத்தை. அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். அம்மியின் மேல் கை வைத்தபடி அத்தை எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். சனிக்கிழமைதோறும் மிளகு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை மாமாவின் தலைக்குத் தேய்ப்பாளாம். கையில் மிஞ்சுவது துப்பாக்கிக்கு. ஊறவைத்து, சீயக்காய்ப் பொடி போட்டுத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, முற்றத்து வெயிலில் காயவைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவாள். பதினாறு வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. அவளுக்குத் தீட்டான நாட்களில் கொல்லை வேலை பார்க்கிறவளைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வாளாம்.

"சீயக்கா எதுக்கு அத்தை?"

"எண்ணெய் தேச்சா குளிக்காண்டாமா? அவனும் ஆம்பிளதானே? சனிக்கிழமை குளிக்காம இருந்தா நீர்க்கோவை பிடிக்கும்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. எண்ணெய் போடு என்று உத்தரவு போட்டவர் எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை. அவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில், வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளுக்குச் செய்வதைத் துப்பாக்கிக்கும் செய்திருக்கிறாள். பதினாறு வருஷத்து எண்ணெயும் சீயக்காயும் உள்ளே பசையாகி இறுகிவிட்டன. அத்தையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

பெட்டியின் அடியில் துப்பாக்கியோடு வந்த சின்னப் புத்தகம் ஒன்று கிடந்தது. பராமரிப்பு முறை, இங்கிலீஷில். மாமாவுக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போடவும் அதட்டவும்தான் தெரியும். புத்தகத்தை என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"நான் வாசிச்சு, நானே சுத்தம் பண்ணி ஓட வச்சுத் தாரேன் மாமா. எனக்க வேலைக்கு என்ன சொல்லுதிய?"

பேரம் பேசுகிற மருமகளை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. மாமா கச்சேரியிலிருந்து வந்த நோட்டீஸை எடுத்துப் பார்த்தார். துப்பாக்கி போனால் வீட்டின் பெயரும் போய்விடும். அப்புறம் எங்களை ஊர்க்காரர்கள் எந்த வீடு என்று சொல்வார்கள்? கொல்லைப்புறம் இரண்டு பலா மரம் நின்றது. பலா மரத்து வீடு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

"துப்பாக்கி லைசென்சோட வீட்டுக்கு வரட்டும். அடுத்த திங்களே நீ போ. நான் சொன்னா சொன்னதுதான்."

புத்தகம் கேட்ட சாமான்கள் ஐந்து. குழலுக்குள் விட்டுத் தேய்க்க மரத்தில் அல்லது பித்தளையில் ஒரு கோல். பித்தளைக் கம்பித் தூரிகை. பிளானல் துணி. பழைய பிசுக்கை இளக்க மண்ணெண்ணெய். கடைசியில் மெல்லிசாகப் பூச ரங்கூன் எண்ணெய். கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மாமா இதை ஊரில் நாலு பேரிடம் கலந்து பேசினார். நாங்கள் கெட்டது அங்கேதான்.

கோலுக்கு அவர் யாரையும் கேட்கவில்லை. இரும்பு கூடாது என்று புத்தகத்தில் இருந்ததை நான் வாசித்து முடிப்பதற்குள் வீட்டிலிருந்த ஒரே குடையிலிருந்து ஒரு கம்பியை உருவிக் குழலுக்குள் விட்டுவிட்டார். கம்பி உள்ளே மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அரை நாள் ஆயிற்று. குடை அன்றிலிருந்து ஒரு பக்கம் தொங்கிக்கொண்டது. நான் பாக்கு மரத்தைப் பிளந்த கமுகஞ் சிலாம்பு ஒன்றை எடுத்து, அரிவாள்மணையில் சீவி, மணல் போட்டு வழவழப்பாகத் தேய்த்து ஒரு கோல் செய்துகொண்டேன்.

எண்ணெய் விஷயத்தில்தான் ஊரே மூக்கை நுழைத்தது. ரங்கூன் எண்ணெய் என்றதும் மாமாவுக்குக் கடைத்தெருவில் மளிகை வைத்திருந்தவர் நினைவுக்கு வந்தார். யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர். மாமாவோடு நானும் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தராசைக் கீழே வைத்தார்.

"வேய், நான் ரங்கூன்ல இருவது வருசம் இருந்தேன். அங்கின நாங்க தேச்சது பூராவும் நம்ம ஊரு எண்ணெயாக்கும். கப்பல்ல வரும்."

மாமா திருப்தியாகத் தலையாட்டினார். அப்படியானால் ரங்கூன் எண்ணெய் என்பதே தேங்காயெண்ணெய்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எனக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, வீடு திரும்பி அவர் அதைப் பூசுவதற்குள் ஊர் வைத்தியர் வந்து சேர்ந்தார்.

வைத்தியர் என்றால் எலும்பு முறிவு, வர்மம், வாதம் எல்லாம் பார்ப்பவர். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு விசைமேல் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடினார். நாடி பார்க்கிறாராம்!

"மூட்டு பிடிச்சிருக்கு. உப்புக் காத்துல கெடந்த தேகமில்லியா. மருந்துக் குழம்பு ஒண்ணு தாரேன். இருவத்தோரு நாள் பூசணும். புளி சேக்கப்பிடாது."

"புளி யாருக்கு? துப்பாக்கிக்கா, மாமாவுக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும்" என்றார் வைத்தியர், கொஞ்சமும் யோசிக்காமல்.

மாமா அன்றிலிருந்து புளி சேர்ப்பதை நிறுத்திவிட்டார். மருந்துக் குழம்புப் பாத்திரத்தை அத்தை வாங்கி அடுக்களைப் பரணில் வைத்தாள். இருபத்தொரு நாள் நமக்கு இல்லை என்று நான் மாமாவிடம் விரல் விட்டு எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் விடை சொன்னவர் கொட்டாரத்துத் தையல்காரர். அத்தையின் ரவிக்கையைத் தைக்கக் கொடுக்கப் போனபோது அவரிடம் சும்மாதான் கேட்டேன். அவர் கால் பெடலை நிறுத்தவே இல்லை.

"அது மிஷின். மிஷினுக்கு மிஷினெண்ணெய். இதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு?"

அந்த நாலு வார்த்தையைக் கேட்டபோது எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் எண்ணெய்ப் புட்டியை அவர் சுலபமாகத் தரவில்லை. துப்பாக்கி வீட்டுக்காரர் இத்தனை வருஷமாகத் தன்னிடம் ஒரு சட்டை தைத்ததில்லை, நாகர்கோவிலுக்கே போகிறார் என்று அவருக்கு மனத்தாங்கல். மாமாவை அழைத்துப்போய் அளவெடுக்க வைத்தேன். அளவெடுத்தபடியே அவர், வலதுபக்கம் பெரிய பை ஒன்று வைக்கிறேன், துப்பாக்கி உள்ளே இருக்கும் என்றார். மாமா குளிர்ந்துபோனார். மூக்கு நீண்ட சின்னப் புட்டி ஒன்று எனக்குக் கிடைத்தது.

தூரிகை பொன்னாசாரியிடம் கிடைத்தது. நகை துலக்குகிற பித்தளைக் கம்பித் தூரிகை. வெள்ளிக்கிழமை கேட்டால் தர மாட்டேன், வியாழக்கிழமை வா என்றார். வியாழக்கிழமை போய் வாங்கினேன். மண்ணெண்ணெய் ரேஷனில்தான் கிடைத்தது. இரண்டு நாள் அரிக்கேன் விளக்கை ஏற்றாமல் நல்லெண்ணெய் விளக்கோடு சமாளித்து மிச்சம் பிடித்தோம்.

பிளானல் துணிதான் பெரும்பாடு. வீட்டில் பிளானல் என்று இருந்தது ஒன்றே ஒன்று, மாமா ஓய்வு பெற்றபோது இலாகாவில் போர்த்திய கழுத்துத் துணி. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை யாருக்குக் குளிருகிறது என்று கட்டுகிறார் என்று எனக்கு எப்போதும் எரிச்சலாக வரும். கேட்டுப் பார்த்தேன். துப்பாக்கி போனாலும் போகட்டும், அதைத் தொடாதே என்றார். அன்று மத்தியானம் அவர் தூங்கும்போது அத்தை கழுத்துத் துணியின் நடுவிலிருந்து ஒரு சாண் வெட்டி எடுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்து மடித்து வைத்துவிட்டாள். சாயங்காலம் அதைச் சுற்றிக்கொண்ட மாமா, "கழுத்து பெருத்துட்டு போல இருக்கு. புளிய விட்டதுல தேகம் நல்லா வருது" என்றார்.

நாலு நாள் வேலை பார்த்தேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தூரிகையால் தேய்த்து, பிளானல் துண்டைக் கோலில் கோத்துக் குழலுக்குள் விட்டு இழுத்தேன். முதல் நாள் வந்தது சீயக்காய்ச் சேறு. இரண்டாம் நாள் பழுப்பு நிறப் பசை. மூன்றாம் நாள் உருளை ஒரு துளை தூரம் அசைந்தது. நாலாம் நாள் மிஷினெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு விசையை இழுத்தேன். கிளிக் என்றது. ஆறு துளைக்கும் ஆறு தடவை இழுத்துப் பார்த்தேன். ஆறு தடவையும் கிளிக். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் அடுக்களையில் அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். துப்பாக்கிமேல் எனக்கு ஒரு பிரியமும் இல்லை. எனக்குக் கேட்டது பள்ளிக்கூடத்து மணிதான்.

அது செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் பூஜை வைக்கிற நேரம். எங்கள் பக்கத்தில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம், கணக்கு நோட்டு, அரிவாள், கத்தி எல்லாவற்றையும் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஒருவரும் தொடக் கூடாது. தலைபோகிற காரியமானாலும் தொடக் கூடாது. மாமா குளித்து, பட்டை போட்டு வந்து, நான் துடைத்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நேரே பூஜை மனைக்கு நடந்தார்.

"மாமா, அதுக்கு ஈரம் ஆகாது. சனிக்கிழமை கொண்டு போகணும்" என்றேன்.

"ஆயுதம்னா பூஜையில வைக்காண்டாமா? இத்தன வருசம் அழுக்கா இருந்தப்பமே வச்சேன். இப்ப பளபளன்னு இருக்கு, வைக்காம விட்டா சரஸ்வதி என்ன நினைப்பா?"

சரஸ்வதி என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. மாமா குழலின் நுனி முதல் பிடி வரைக்கும் சந்தனம் குழைத்துப் பூசினார். மூன்று இடத்தில் குங்குமம். ஆறு துளைக்கும் ஆறு துளசி. மேலே தீர்த்தம் தெளித்தார். பக்கத்தில் அவல், பொரி, சர்க்கரை. அத்தை தன் பங்குக்கு என் முந்தானையிலிருந்த உத்தரவை வாங்கித் துப்பாக்கிக்கு அடியில் வைத்தாள். "அதுவும் எழுத்துதானே மக்கா, இருக்கட்டும்" என்றாள்.

அன்று ராத்திரி பிடித்த மழை வியாழக்கிழமை வரை விடவில்லை. நான் பூஜை மனைக்கு எதிரே உட்கார்ந்து துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தனத்தின் ஓரத்தில் முதலில் ஒரு செம்புள்ளி தெரிந்தது. மறுநாள் அது குங்குமமா துருவா என்று சொல்ல முடியாதபடி பரவியது. எறும்புகள் சர்க்கரைக்கு வந்து, சர்க்கரை முடிந்ததும் உருளைக்குள் குடிபோயின. கையெட்டும் தூரத்தில் எல்லாம் நடக்கிறது, தொடக் கூடாது. அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு, தோட்டாவும் கையிலிருந்தால் என்ன செய்திருப்பேனோ!

வெள்ளிக்கிழமை காலையில் பூஜை எடுத்ததும் வழக்கப்படி எல்லாரையும் மணலில் எழுதச் சொன்னார்கள். ஹரி ஸ்ரீ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அடியிலிருந்த உத்தரவில் அதன் உருவம் அப்படியே துருநிறத்தில் பதிந்திருந்தது. குழல், விசை, பிடி, எல்லாம் தெளிவாக. பெயரும் கையெழுத்தும் தப்பியிருந்தன. மிச்ச மண்ணெண்ணெய், மிச்சத் துணி, மிச்ச மிஷினெண்ணெய் மூன்றையும் வைத்துக்கொண்டு சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் மறுபடியும் ஆறு கிளிக் வரவழைத்தேன். என் நகக்கண் எல்லாம் கறுத்துக் கிடந்தது. குழலின் அடியில் மட்டும் கொஞ்சம் சந்தனம் போகவே இல்லை.

சனிக்கிழமை மாமா புதுச் சட்டைப் பையில் துப்பாக்கியோடும், நான் புத்தகத்தோடும், ஒரு பக்கம் தொங்கிய குடைக்குக் கீழே பஸ் ஏறினோம். கச்சேரி வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பன்றியும் வௌவாலும் விரட்டுகிற நாட்டுத் துப்பாக்கிகள். பார்த்ததும் எனக்கு மனசு லேசாயிற்று. பாதித் துப்பாக்கிகளின் நெற்றியில் குங்குமம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே எது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். கடியப்பட்டணத்து மீன்பிடி வள்ளக்காரர் கொண்டுவந்தது சுறா எண்ணெய் நாற்றம். தோவாளைக்காரருடையது வேப்பெண்ணெய். ஒன்றில் புன்னையெண்ணெய், இன்னொன்றில் சுக்குத் தைலம். ஒருவர் பசுநெய் போட்டிருந்தார். அவரைச் சுற்றி ஈ மொய்த்தது.

அதிகாரி வடக்கே இருந்து வந்த மலையாளி. மூக்கில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார். ஒவ்வொரு துப்பாக்கியாகச் சேவகன் வாங்கி விசையை இழுப்பான். ஒன்றுகூட அசையவில்லை. சுறா எண்ணெய்த் துப்பாக்கியிலிருந்து ஒரு சின்ன நண்டு விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அதிகாரி ஏதோ எழுதி முத்திரை குத்தினார். மாமா என் பக்கம் சாய்ந்து, "பாத்தியா மக்கா, ஒருத்தனுக்கும் பராமரிப்பு தெரியல்ல" என்றார்.

எங்கள் முறை வந்தது. சேவகன் விசையை இழுத்தான். கிளிக். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ஆறு தடவையும் கிளிக். மாமா மீசையைத் தடவினார். அதிகாரி கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு முகர்ந்து பார்த்து, "ஆஹா, மிஷினெண்ணெய்!" என்றார். பிறகு குமாஸ்தாவிடம், "இது ஒண்ணுதான் ஓடுது. இதை வாங்கி கஜானாவுல வை" என்றார்.

மாமா ஏதோ தப்பாகக் காதில் விழுந்தது என்று இடது காதைத் தடவிக்கொண்டார். நான் முன்னால் போய், ஓடாததைத்தானே பறிமுதல் என்று நோட்டீஸில் இருந்தது என்று கேட்டேன்.

"அது பழைய உத்தரவு. புதன்கிழமை வேற உத்தரவு வந்திருக்கு. ஓடாத துப்பாக்கி ஆபத்தில்லாத சாமான், வீட்டில் வச்சுக்கலாம். ஓடும் துப்பாக்கி ஆபத்து. தேவைக்குக் காரணம் காட்டணும். உங்களுக்கு எந்தா காரணம்?"

"உப்பளத்துல திருட்டு உண்டும் சாரே" என்றார் மாமா.

"உப்பளம் உங்களதா?"

"இல்ல."

"அங்க சோலியா?"

"இருந்தேன். பன்னெண்டு வருசம் முன்ன."

அதிகாரி அவரை வருத்தத்தோடு பார்த்துவிட்டு ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். நண்டுத் துப்பாக்கிக்காரரும் நெய்த் துப்பாக்கிக்காரரும் தங்கள் தங்கள் சாமானைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். மாமா வெறும் பையோடு நின்றார். பஸ்ஸில் நான் வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன். துப்பாக்கி லைசென்ஸோடு வீட்டுக்கு வரட்டும் என்பதுதான் பேச்சு. வரவில்லை. சுத்தம் பண்ணிய என் கையால்தான் என் வேலையும் போயிற்று.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "பதினாறு வருசம் நான் குளிப்பாட்டினேன். ஒருத்தன் தொடல்ல."

அது உண்மைதான். அவள் எண்ணெயோடு விட்டிருந்தால் துப்பாக்கி வீட்டிலிருக்கும், நானும் திங்கட்கிழமை பஸ்ஸிலிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிடவில்லை. சாயங்காலம் ரசீதை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கடைசி வரியில், ஒப்படைத்த துப்பாக்கியின் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பு, சனிக்கிழமைகளில் அவரோ அவர் அனுப்பும் ஆளோ வந்து எண்ணெய் போடலாம், கெட்டுப்போனால் கச்சேரி பொறுப்பல்ல என்று இருந்தது. மாமா பதறிவிட்டார். அவருக்கு பஸ் ஏறினாலே வாந்தி, எப்போதாவது சட்டை தைக்கப் போய் வருவதே பெரும்பாடு. அதோடு, எண்ணெய் போடத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

"நாகர்கோவிலுக்குத் தெனமும் போற ஆளு ஒண்ணு இருந்தா..." என்று நிலைப்படியிலிருந்து அத்தை சொன்னாள். காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாமா காபியைக் குடித்து முடித்தார்.

"மக்கா, அந்தப் பள்ளிக்கூடம் கஜானாவுக்குப் பக்கத்துலயா?"

"அடுத்த தெரு மாமா" என்றேன். உண்மையில் அரை மைல்.

திங்கட்கிழமை நான் வேலையில் சேர்ந்தேன். தலைமை ஆசிரியை என் உத்தரவை வாங்கிப் பார்த்தார். அதில் படுத்திருந்த துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மிகவும் குறும்புக்காரப் பிள்ளைகள் உள்ள வகுப்பை எனக்குக் கொடுத்தார்.

அன்று கிளம்பும்போது அத்தை ஒரு சின்னப் புட்டியில் காய்ச்சிய தேங்காயெண்ணெயை என் பையில் வைத்திருந்தாள். "இருக்கட்டும்" என்றாள். பாவம், இன்னும் அவளுக்குப் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கஜானா வராந்தாவில் உட்கார்ந்து மிஷினெண்ணெய்தான் போட்டேன். புட்டி என் மேஜைக்குள் கிடந்தது. வேலை தற்காலிகம், எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம். துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டால் மாமா அன்றைக்கே நிறுத்திவிடுவார் என்பதும் எனக்குத் தெரியும். அது சிறையிலிருந்ததால் நான் வெளியே இருந்தேன். காரணம் காட்டி மனு எழுது, எழுது என்று அவர் சொல்வார். நான் எழுதினேன். நன்றாக எழுதவில்லை. இப்போது சொல்கிறேன், வேண்டுமென்றேதான் மோசமாக எழுதினேன். மத்தியானங்களில் அவர் வெறும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். அதைப் பார்க்கும்போது எனக்குக் குற்றவுணர்வாகத்தான் இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து வேலை நிரந்தரமாயிற்று. ஓடிவந்து முதலில் அத்தையிடம்தான் சொன்னேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டாள்.

"அப்போ இனி எனக்க எண்ணெயப் போடு மக்கா. ஒனக்க சோலி நிலைக்கட்டும்னுதான் காத்திருந்தேன். கஜானாவுல கெடந்தது போதும், அவன் வீட்டுக்கு வரட்டும்."

முதல் திங்கட்கிழமை அவள் புட்டியைப் பையில் வைத்ததே இதற்குத்தான். பி.ஏ. படித்த எனக்கு இரண்டு வருஷமாக உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து தேங்காயெண்ணெய், சீயக்காய் எல்லாம் முறைப்படி நடந்தது. காவலுக்கு இருந்த சேவகன்தான் வெந்நீர் போட்டுக் கொடுத்தான். அவனும் சனிக்கிழமை முழுகுகிற ஊர்க்காரன். அதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஐந்தே மாதத்தில் உருளை கெட்டியாக நின்றுவிட்டது. மறுபரிசோதனைக்கு ஒரு மனு எழுதினேன், இந்தத் தடவை நன்றாக. ஆபத்தில்லாத சாமான் என்று முத்திரை குத்தி, லைசென்ஸே வேண்டாம் என்று கொடுத்துவிட்டார்கள்.

மாமா அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினார். விசையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டத் தொடங்கினார். படிச்சவ கையில கொடுத்தா இப்படித்தான், எங்க வீட்டுக்காரி பதினாறு வருசம் எப்படி வச்சிருந்தா தெரியுமா, இனி நீ இதத் தொடாண்டாம் என்றார். அத்தை எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். துப்பாக்கி வீட்டுக்கு வந்தாயிற்று. இனி நாகர்கோவிலுக்கு எதற்குப் போகிறாய் என்று அவர் கேட்டுவிட்டால்? நிலைப்படியில் நின்று தயங்கினேன். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏன் நிக்க மக்கா? பஸ் போயிரும்லா" என்று சொல்லி, அந்தக் கம்பியில்லாத குடையை எடுத்து நீட்டினார்.